மாத்திரையும் காபியும்

கேள்வி: எனக்கு வயது 34. ஹீமோகுளோபின் 8.6 இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார்கள். இரண்டு மாதமாகக் காலை டிபன் முடித்து, காபி குடிக்கும்போதே போட்டுவிடுகிறேன். இப்போதும் 9 தான். மலம் வேறு கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிட்டுப் பேரீச்சம்பழம், பீட்ரூட் சாப்பிடட்டுமா?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. எனக்குச் சந்தேகம் அந்தக் காபி மேல்தான். காபி, டீயில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் குடலில் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலின் கால்சியமும் தன் பங்குக்குத் தடுக்கும். நம் ஃபில்டர் காபியில் இரண்டும் உண்டு! மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் காபி வேண்டாம். வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். வைட்டமின் சி இரும்பு உள்ளே போக உதவும். வயிற்றைப் புரட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்றும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். அது இரும்பைத் தடுப்பதால் மறுநாள் மாத்திரையைக் குடல் அவ்வளவாக ஏற்காது.

மலம் கறுப்பது உடம்பு ஏற்காமல் விட்ட இரும்பால்தான். ஆனால் தார் போல ஒட்டிக்கொண்டு, கெட்ட நாற்றம் வீசினால் அது இரத்தக் கசிவாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. அது வெறும் நிறமி. 100 கிராம் பீட்ரூட்டிலும் பேரீச்சையிலும் ஏறக்குறைய 1 மில்லிகிராம் இரும்புதான். சாப்பிடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்று: மாதவிடாய் எப்படி? ஏழு நாளைத் தாண்டுகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா? மூலத்தில் இரத்தம் போகிறதா? ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. இதை மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

காபியைத் தள்ளி வைத்து ஒரு மாதம் கழித்துப் பரிசோதியுங்கள். ஹீமோகுளோபின் சுமார் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறா, குடல் கோளாறா என்று பார்க்க வேண்டும். 12-ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் போட்டால்தான் உடம்பின் இருப்பு நிரம்பும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மாத்திரையை எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நாலைந்தை விழுங்கினால் அவர்கள் உயிருக்கே ஆபத்து.