மெஷின்ல மெட்டல் வெட்டறப்ப கூலண்ட் (டூலை ஆத்துற திரவம்) ஊத்தவா, நிறுத்தவா? இந்த வாட்டி வந்த கேள்விங்க

கேள்வி: காஸ்ட் அயர்னுக்கு கூலண்ட் நிறுத்திடலாமா சார்?

தாராளமா. கிராஃபைட் உள்ளயே இருக்கு, சிப்ஸும் (வெட்டி விழுற மெட்டல் துணுக்கு) தூளா உடைஞ்சு விழும். ஆனா டஸ்ட் கலெக்டர் கட்டாயம், அந்தக் கருப்புத் தூசி ஸ்லைடுலயும் உக்காரும், ஆபரேட்டர் நெஞ்சுலயும் உக்காரும்.

கேள்வி: ட்ரையா (கூலண்ட் இல்லாம) ஓட்டினா ஃபினிஷ் வரல, ஏன்?

என்ன மெட்டீரியல், என்ன டூல், என்ன ஸ்பீடு? ஒண்ணுமே எழுதல. மெட்டீரியல் சொல்லாம கேக்காதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது? அலுமினியமா இருந்தா டூல் எட்ஜ்ல ஒட்டிக்கிட்டிருக்கும், அத மொதல்ல பாருங்க.

கேள்வி: விஎம்சில (கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின்) ஸ்டீல் ஃபேஸ் மில்லிங் (சுத்துற கட்டரால மேல்பரப்ப வெட்டுறது). செலவு குறைக்க கூலண்ட் வால்வை பாதி மூடிட்டோம். இன்சர்ட் (கட்டர்ல மாட்டுற கார்பைடு வெட்டு முனை) முன்னவிட சீக்கிரம் போகுதே?

போகத்தான் செய்யும். மில்லிங்ல எட்ஜ் மெட்டீரியலுக்குள்ள போறப்ப சூடேறுது, வெளிய வந்ததும் உங்க தண்ணி பட்டு சடார்னு ஆறுது, 1000 ஆர்பிஎம்னா நிமிஷத்துக்கு 1000 தடவ இந்த அடி, கார்பைடு எப்படித் தாங்கும்? லென்ஸ் வச்சுப் பாருங்க, எட்ஜுக்குக் குறுக்கால சீப்புப் பல்லு மாதிரி வரிசையா விரிசல் இருக்கும், அப்புறம் நடுவுல இருக்குறது உதிர ஆரம்பிச்சிரும். ஒரு பட்டறைல ஆபரேட்டர் பாட்டில்ல கூலண்ட வச்சு அப்பப்ப பீச்சிட்டிருந்தாரு, மொதலாளி இன்சர்ட் சரியில்லன்னு கத்திட்டிருந்தாரு. பாட்டில எடுத்து வச்சுட்டு ஏர் மட்டும் விடச் சொன்னேன், அதே இன்சர்ட் நல்லா ஓடுச்சு. சூட்டுல பெரும்பங்கு சிப்ஸோடயே போயிரும், சிப்ஸ ஊதித் தள்ளினா போதும். டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு கோட்டிங்குக்கு சூடு எதிரியே இல்ல, சூட்டுலதான் மேல அலுமினா படலம் கட்டும். ஊத்துனா முழுசா ஊத்துங்க, இல்லன்னா மூடுங்க, அரைகுறையா மட்டும் வேணாம்.

கேள்வி: எம்க்யூஎல்ல (காத்தோட துளி எண்ணெய மட்டும் தெளிக்கிற முறை) எவ்ளோ எண்ணெய் ஆகும்? சம்ப்ல (மெஷினோட கூலண்ட் தொட்டி) இருக்குற கூலண்டையே ஊத்தலாமா?

மணிக்கு 50 மில்லி, முன்னபின்ன. ஃப்ளட்ல (கூலண்ட தாராளமா ஊத்துறது) நிமிஷத்துக்கே லிட்டர் கணக்கு. சம்ப் கூலண்ட் கூடவே கூடாது, அதுல இருக்குற பாக்டீரியா எல்லாம் மூச்சுல போகும். அதுக்குன்னு வர்ற எஸ்டர் எண்ணெய்தான் போடணும், மிஸ்ட் (காத்துல மிதக்குற எண்ணெய்த் துளி) கலெக்டரும் வேணும். அமெரிக்காவோட நயோஷ் (தொழில் பாதுகாப்பு, உடல்நல ஆராய்ச்சி அமைப்பு) 1998லயே இந்த மிஸ்ட் காத்துல கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராம்தான் வரம்புன்னு சொல்லிருச்சு.

கேள்வி: டைட்டானியம் ட்ரையா?

வேணாம். சூடு சிப்ஸோட போகாது, டூல் முனைலயே நிக்கும்.

கேள்வி: மெக்னீசியம்?

ட்ரையா ஓட்டலாம். டூல் கூரா இருக்கணும், சிப்ஸ குமிய விடாதீங்க. தீப்பிடிச்சா தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, ஹைட்ரஜன் வந்து இன்னும் பெருசா எரியும். மெட்டல் தீக்குன்னு இருக்குற டி கிளாஸ் எக்ஸ்டிங்விஷர் மெஷின் பக்கத்துலயே இருக்கட்டும், ஸ்டோர் ரூம்ல பூட்டி வைக்காதீங்க.