எங்களை என்னவென்று எழுதப்போகிறீர்கள்?

கேள்வி: அக்கா, நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமத்துச் சனசமூக நிலையச் செயலாளர். ஆண்டு விழா மலருக்கு ஊர் வரலாறு எழுதினேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் மலைநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள். மரியாதையாக இருக்கட்டும் என்று அவர்களை ‘இந்திய வம்சாவளித் தமிழர்’ என்று குறிப்பிட்டேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அடுத்த வளவுத் தம்பி ‘மலையகத் தமிழர்’ என்று மாற்றச் சொல்லிக் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய அம்மாவோ, “பட்டம் எதுக்குங்க? கிளிநொச்சி ஆளுன்னே எழுதுங்க” என்கிறார். நான் என்ன பிழையாகச் சொன்னேன்? எதை எழுதுவது?

பதில்: தம்பி, உங்கள் மனதில் கெடுதல் இல்லை என்று கடிதத்தைப் பார்க்கவே தெரிகிறது. ஆனால் அந்த ‘இந்திய’ என்ற சொல் அவர்களுடைய வீட்டுக்குள் வந்து என்ன செய்தது என்பதையும் பாருங்கள்.

1911 குடிசன மதிப்பீட்டில்தான் தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று முதன்முதலில் பிரித்து எண்ணினார்கள். 1948 பிரசாவுரிமைச் சட்டம், வெள்ளைக்காரர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்களில் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று தேயிலைக் கொழுந்து நிறுப்பதுபோல நிறுத்தார்கள். அந்தச் சனத்தில் ஒருவரையும் கேட்கவில்லை. எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இவ்வளவு காலமும் பத்திரத்தில் ‘இந்திய’ என்று இருந்தால், ‘நீ போக வேண்டிய ஆள்’ என்றுதான் அதற்குப் பொருள். கூடவே ‘வம்சாவளி’ என்று சேர்த்தால் சொல் அழகாகிறது, ஆனால் விரல் இன்னும் கடலுக்கு அப்பால்தான் நீண்டிருக்கிறது. அந்தப் பெயரை விரும்பி வைத்திருக்கும் மூத்தவர்களும் இருக்கிறார்கள், அது அவர்களுடைய உரிமை. ஆனால் ‘மலையகத் தமிழர்’ அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். 2024 குடிசன மதிப்பீட்டில் அரசாங்கமும் ‘இந்தியத் தமிழர்’ என்பதோடு அந்தப் பெயரையும் சேர்த்துக்கொண்டது. தம்பியின் கோபம் நியாயமானது.

அம்மா சொல்வதும் நியாயம்தான். வன்னிக்கும் அந்தச் சனத்துக்கும் உள்ள உறவு தோட்டங்களுக்குப் போன வழியிலேயே தொடங்கியது. தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கியவர்கள் மன்னார்க் காட்டுக்குள்ளால், மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே போனார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அவர்கள் வந்து 200 ஆண்டான நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பாதயாத்திரை போனது அந்தப் பாதையை நினைத்துத்தான். பிறகு 1958 கலவரம், எழுபதுகளின் தோட்டப் பஞ்சம், 1977 கலவரம். ஒவ்வொன்றுக்கும் பிறகு மலையிலிருந்து இறங்கி வந்து காடு வெட்டினார்கள். மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம் எல்லாம் அப்படி எழும்பிய ஊர்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தபோதும் எல்லாரும் ஒரே பங்கருக்குள்தான் இருந்தோம். அங்கே யாரும் யாருடைய வம்சாவளியையும் கேட்கவில்லை. ‘கிளிநொச்சி ஆள்’ என்று அந்த அம்மா சொல்வதற்கு இதைவிடப் பெரிய உறுதிப்பத்திரம் வேண்டுமா?

என் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் வளவில் கச்சான் பிடுங்க ஒரு பெண் வருவா. எங்களுக்கு மூக்குப்பேணியில் தேத்தண்ணி. அவவுக்கு மாட்டுக்கொட்டில் கப்பில் தொங்கிய, விளிம்பு கறல் பிடித்த தகரப் பேணி. குடித்துவிட்டு அவவே கழுவித் திரும்பக் கொழுவ வேண்டும். அம்மா அவவைத் ‘தோட்டக்காட்டுப் பிள்ளை’ என்பா, நாங்களும் அதையே சொன்னோம். நாலு போகம் வந்து போனவவின் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த வெட்கம் என்னை விட்டுப் போகவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மலரில் ‘மலையகத் தமிழர்’ என்று அச்சடித்துவிட்டு, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பழைய சொல்லையே சொல்லுகிற வீடுகளை நான் கண்டிருக்கிறேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் யாரிடம் இருக்கிறது, அந்த வயலில் கூலிக்குப் போகிறவர்கள் யார், வீட்டில் கலியாணப் பேச்சு வந்தால் முதலில் என்ன கேட்கிறோம் என்பதெல்லாம் உங்கள் ஊருக்கும் தெரியும். சனசமூக நிலைய நிருவாகசபையில் அந்தக் குடும்பங்களிலிருந்து எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவர்களுடைய வரலாற்றை நீங்கள் மட்டும் இருந்து எழுதியதுதான் எனக்கு முதலில் உறுத்தியது.

ஒரு சமூகமாகச் சொல்லும் இடத்தில் ‘மலையகத் தமிழர்’ என்று எழுதுங்கள். ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது, மற்றவர்களுக்கு எழுதுவதுபோல ஊரைச் சொன்னால் போதும். உங்கள் சித்தப்பாவை ‘இலங்கைத் தமிழரான’ என்று தொடங்கி எழுதமாட்டீர்கள்தானே? வந்த கதையை எழுதும்போது நடந்ததைச் சொல்லுங்கள்: எந்த ஆண்டு, எந்தத் தோட்டத்திலிருந்து, எதனால், எத்தனை குடும்பம், முதல் கிணறு வெட்டியது யார். அந்தப் பகுதியைத் தம்பியையே எழுதச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு போனவரை வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள், தொலைபேசியில் வேண்டாம்.

அச்சுக்குப் போகும் முன் அம்மாவிடமும் ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள், அவ திருத்தச் சொல்வதைத் திருத்துங்கள். அப்படியே அவவின் பெயரையும் கேட்டு மலரில் போடுங்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லை.