அமிகாவுக்கும் கொமடோருக்கும் ஒரே கன்வேர்ட்டர் போர்ட் போதுமா?

கேள்வி: பெரியப்பா லண்டனில் இருந்து திரும்பியபோது கொண்டுவந்த கொமடோர் 64, அமிகா 500 என்ற இரண்டு பழைய வீட்டுக் கணினிகள் அலுமாரிக்குள் கிடந்தன. இரண்டும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கொமடோரை மலிவான ஏ.வி – எச்.டி.எம்.ஐ பெட்டி ஒன்றின் மூலம் கொடுத்தேன். படம் வருகிறது, ஆனால் எழுத்துகள் துடிக்கின்றன, உருவங்கள் நகரும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரிப் பிரிகிறது. அமிகாவுக்கு ஒரு வி.ஜி.ஏ மாற்றுப் பிளக் வாங்கி 24 அங்குல மொனிட்டரில் செருகினால், வரம்புக்கு வெளியே என்று சொல்லிக் கறுத்துப் போகிறது. இரண்டுக்கும் பொதுவாக எந்தக் கன்வேர்ட்டர் போர்டை வாங்கலாம்? கையில் பெரிய பணம் இல்லை.
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: குறைந்த செலவில் என்றால், ஒரே போர்ட் போதாது. இரண்டும் ஒரே கம்பனியின் கணினிகள்தான். ஆனால் 1982இல் வந்த கொமடோர் 64 படத்தை வெளியே விடும் விதம் வேறு, 1987இல் வந்த அமிகா 500 விடும் விதம் வேறு. போர்ட் வாங்கும்போது பிளக்கின் வடிவத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. கணினியிலிருந்து என்ன சிக்னல் வருகிறது என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். உங்கள் வி.ஜி.ஏ பிளக் ஏமாற்றியதும் அதனால்தான்.

அதற்கு முன்னால் அவசரமான ஒரு விஷயம். கொமடோரை அதனோடு வந்த பழைய பவர் பெட்டியில் இனி ஓட்டாதீர்கள். அந்தப் பெட்டி கணினிக்கு 5 வோல்ட் டி.சி.யும் 9 வோல்ட் ஏ.சி.யும் கொடுக்கிறது. உள்ளே முழுவதும் பசை ஊற்றி இறுக்கியிருப்பதால் சூடு வெளியேறாது. வயது போகப் போக 5 வோல்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதாகி, 5 இருக்க வேண்டிய இடத்தில் அதைவிடக் கூடுதலாக ஏறிவிடும். ஏறினால் முதலில் போவது மெமரி சிப்புகள். மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தேன், சரியாக 5 காட்டியது என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். குளிர்ந்த நிலையில், சுமை இல்லாமல் பார்த்தால் அப்படித்தான் காட்டும். அரை மணி நேரம் சூடான பிறகுதான் அதன் உண்மையான நிலை தெரியும். புதிதாகச் செய்து விற்கும் மாற்றுப் பவர் பெட்டி ஒன்றை வாங்குங்கள். கன்வேர்ட்டருக்கு ஒதுக்கிய பணத்தில் முதற்பங்கு இதற்குத்தான் போக வேண்டும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், சிப் எரிந்தால் திரும்ப வராது.

சரி, இனிப் படத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் விற்ற இந்தக் கணினிகள் எல்லாம் பழைய ரீவியை நம்பிச் செய்தவை. பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் ஓடும் ரீவி ஒரு செக்கனில் 15,625 கோடுகளை வரையும், அதாவது 15.6 கிலோ ஹேர்ட்ஸ். அமிகாவிலிருந்து வருவதும் அதே வேகம்தான். வி.ஜி.ஏ மொனிட்டர் தொடங்குவதே 31.5 கிலோ ஹேர்ட்ஸில். இரண்டுக்கும் நடுவில் வெறும் மாற்றுப் பிளக் ஒன்றைப் போட்டால் வயர்கள் இடம் மாறும், வேகம் மாறாது. மொனிட்டர் பழுதில்லை, அமிகாவும் பழுதில்லை.

கொமடோரின் துடிப்புக்குக் காரணம் வேறு. ரீவி நிலையங்கள் ஒரு படத்தை ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று இரண்டு பாதிகளாக அனுப்பின. கொமடோர் அப்படிச் செய்வதில்லை. ஏறக்குறைய 312 கோடுகளையும் செக்கனுக்கு 50 தடவை அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரைகிறது. மலிவான பெட்டிக்கு இந்த வித்தியாசம் புரியாது. வருவதெல்லாம் பாதிப் படம் என்று நினைத்து, அடுத்தடுத்து வரும் இரண்டு முழுப் படங்களை ஒன்றுக்குள் ஒன்று கோர்த்துவிடுகிறது. நிற்கும் எழுத்து மேலும் கீழும் துடிக்கும், ஓடும் உருவம் பிரியும். இதே வகைப் பெட்டியில் இன்னொன்றை வாங்கினாலும் இதே கதைதான், காசு வீண்.

கொமடோருக்கு என் முதல் ஆலோசனை, எந்த போர்டும் வாங்காதீர்கள் என்பதுதான். வீட்டிலோ அயலிலோ மஞ்சள் ஏ.வி துளை உள்ள பழைய பெட்டி ரீவி ஒன்று தூசி பிடித்துக் கிடக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். இந்தக் கணினி எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தத் திரை அது. நிறமும் வேகமும் அதில் வருவது போல் வேறெதிலும் வராது. ஆனால் அன்ரனாத் துளை வழியாகக் கொடுக்காதீர்கள், ஏ.வி வழியாகவே கொடுங்கள். பிரித்தானிய பால் முறையில் ஒலி படத்திலிருந்து 6 மெகா ஹேர்ட்ஸ் தள்ளி வருகிறது, இலங்கையில் நாம் பயன்படுத்திய முறையில் 5.5. இங்குள்ள பழைய ரீவி ஒன்றில் அன்ரனா வழியாகக் கொடுத்தால் படம் தெரியும், பாட்டுக் கேட்காது. கணினியின் ஒலிச் சிப் செத்துவிட்டது என்று நினைத்து அதைக் கழற்றப் போனவர்களும் உண்டு.

புதிய திரைதான் வேண்டும் என்றால், கொமடோரின் ஒளியையும் நிறத்தையும் தனித்தனியாக எடுக்கும் எஸ்-வீடியோ வயர் ஒன்றும், இப்படிப் பாதியாகப் பிரிக்காமல் வரும் 240, 288 கோட்டுப் படங்களைச் (திரையில் தெரியும் கோடுகள் மட்டும்) சரியாக அடையாளம் காணும் கன்வேர்ட்டர் ஒன்றும் தேவை. ரெட்ரோடிங்க் 2 எக்ஸ் அந்த வகை. அது ஒவ்வொரு கோட்டையும் இரட்டிப்பாக்கி அனுப்புகிறது, கோர்ப்பதில்லை. விலை கூடத்தான், வெளிநாட்டிலிருந்தும் எடுப்பிக்க வேண்டும். வயரை நீங்களே செய்தால் நிறக் கம்பியில் 300 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போடுங்கள். கொமடோர் நிறச் சிக்னலை அளவுக்கு மிஞ்சித் தள்ளும், ரெசிஸ்டர் இல்லாவிட்டால் சிவப்பெல்லாம் கசிந்து பரவும்.

அமிகா விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதன் பின்னால் உள்ள 23 கால் இணைப்பியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாகவே வருகின்றன. மஞ்சள் துளையை மறந்துவிடுங்கள், அமிகா 500இல் அது கறுப்பு வெள்ளை மட்டுமே தரும். குறைந்த செலவில் நான் சொல்லக்கூடிய போர்ட் ஜீ.பீ.எஸ் 8200 (GBS-8200). கேம் கடை இயந்திரங்களுக்காகச் சீனாவில் செய்த போர்ட். 15 கிலோ ஹேர்ட்ஸ் ஆர்.ஜி.பி.யை, அதாவது இந்த மூன்று நிறச் சிக்னலை, வாங்கி வி.ஜி.ஏ.யாகக் கொடுக்கும். மஞ்சள் வயரும் எஸ்-வீடியோவும் அதற்கு ஏறாது, ஆகவே கொமடோருக்கு அது உதவாது.

வயர் வேலையில்தான் பலர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அமிகாவின் பக்கம் ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஆகவே உங்களுக்குத் துளைப் பிளக் வேண்டும். 23 கால் பிளக் கடைகளில் கிடைப்பது அரிது. 25 கால் துளைப் பிளக் ஒன்றை வாங்கி, 13ஆம் 25ஆம் எண்கள் உள்ள ஓரத்தை அரம் பிடித்து வெட்டிவிடலாம். வெட்டிய பிறகு எண்களில் கவனம். மேல் வரிசையில் 1 முதல் 12 வரை அச்சிட்டபடியே சரி. கீழ் வரிசையில் 14 என்று அச்சிட்டிருப்பது அமிகாவுக்கு 13, அடுத்தது 14, இப்படி ஒவ்வொன்றும் ஒன்று குறையும். சிவப்பு 3, பச்சை 4, நீலம் 5, படத்தின் வரிகளை ஒழுங்காகத் தொடங்க வைக்கும் கூட்டு ஒத்திசைவு (composite sync) 10. பூமிக் (ground) கால்கள் அமிகாவின் கணக்கில் 16 முதல் 20 வரை, உங்கள் பிளக்கில் அச்சிட்டபடி 17 முதல் 21 வரை. அமிகாவின் 22ஆம் காலில் 12 வோல்ட் இருக்கிறது, உங்கள் பிளக்கில் அது 23 என்று தெரியும். அமிகாவின் 21, 22, 23 (உங்கள் பிளக்கில் 22, 23, 24) மூன்றும் மின் கால்கள், அவற்றில் ஒரு துளி பற்றாசுகூடப் படக் கூடாது. ஒரு கால் தவறினால் 12 வோல்ட் நேரே போர்டுக்குள் போய்விடும்.

ஒத்திசைவுக் கம்பியை நேரே கொடுக்காமல் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாகக் கொடுங்கள். அமிகா அதை 5 வோல்ட் அளவில் தள்ளுகிறது, படக் கால்கள் 0.7 வோல்ட் அளவில் வேலை செய்பவை. பற்றாசு வைத்து முடிந்ததும் ஒவ்வொரு காலையும் மல்டிமீற்றரால் தொட்டுப் பார்த்த பிறகே செருகுங்கள். செருகுவதும் கழற்றுவதும் எல்லாச் சுவிச்சும் அணைந்த நிலையில் மட்டும். போர்டில் மூன்று சிறிய திருகிகள் நிறத்துக்கென்றே இருக்கின்றன. வெள்ளைத் திரை ஒன்றைப் போட்டு, மூன்றையும் பொறுமையாகத் திருப்பினால் நிறம் சமமாகும்.

ஜீ.பீ.எஸ் போர்டை அப்படியே ஓட்டினால் படம் கொஞ்சம் மெத்தென்றிருக்கும், ஓடும் காட்சிகள் இடையிடையே தட்டுப்படும். அமிகா செக்கனுக்கு 50 படம் தருகிறது, போர்ட் 60 ஆக்கி அனுப்புகிறது. இல்லாத பத்தை ஏற்கனவே வந்தவற்றிலிருந்து திரும்பக் காட்டித்தான் நிரப்ப வேண்டும். இதற்கு நல்ல தீர்வு உண்டு. ஈ.எஸ்.பி 8266 என்ற சிறிய வைஃபை போர்டைச் சில கம்பிகளால் இணைத்து, ஜீ.பீ.எஸ் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் அதே போர்ட் வேறொரு போர்டாகிவிடும். 50 படத்தை 50 ஆகவே அனுப்பும், கோர்க்கும் தொல்லையும் போகும். இதைச் செய்யாமல் நிறுத்திவிடாதீர்கள், கூடுதல் செலவு மிகச் சிறியது. அப்புறம், 50ஐ ஏற்கும் திரை வேண்டும். சில கணினி மொனிட்டர்கள் ஏற்காது. இலங்கை பால் நாடு என்பதால் இங்கு விற்கும் ரீவிகள் பெரும்பாலும் ஏற்கும். வி.ஜி.ஏ துளை உள்ள சிறிய ரீவி கிடைத்தால் முதலில் அதில் முயன்று பாருங்கள். படத்தை 4:3 அளவில் வையுங்கள், அகலத் திரைக்கு இழுத்தால் வட்டமெல்லாம் முட்டையாகும்.

பின்னாளில் பணம் சேர்ந்தால், அமிகாவின் டெனிஸ் என்ற வீடியோ சிப்புக்கு அடியில் செருகும் ஆர்.ஜி.பி – எச்.டி.எம்.ஐ போர்ட் இருக்கிறது. ராஸ்பெரி பை சீரோ என்ற சின்னக் கணினிப் போர்டில் ஓடும். அனலொக் ஆக மாறுவதற்கு முன்பே சிக்னலை எடுப்பதால் ஒவ்வொரு புள்ளியும் கூர்மையாக வரும். ஆனால் கணினியைத் திறந்து சிப்பைக் கழற்ற வேண்டும், முதல் வேலையாக இதில் இறங்க வேண்டாம்.

நீங்கள் கடலோரத்தில் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் இத்தனை வருடம் கிடந்த துளைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். படம் ஆடுவதும் நிறம் ஒன்று காணாமல் போவதும் பாதி நேரம் இதனால்தான், போர்டால் அல்ல. ஐசோபுரோப்பைல் அல்ககோலில் தோய்த்த தூரிகையால் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். அமிகாவின் அடிமூடிக்குள் மெமரி அட்டை இருக்கிறதா என்று இன்றைக்கே திறந்து பாருங்கள். அதில் பொதுவாக ஒரு சிறிய சார்ஜ் பட்டரி இருக்கும், ஒழுகினால் அதன் திரவம் செப்புப் பாதைகளை அரித்துவிடும். பட்டரியை வெட்டி எறிந்துவிட்டால் நேரம் மட்டும் நினைவிருக்காது, மற்றதெல்லாம் வழக்கம்போல் ஓடும். மாரி காலத்தில் இரண்டையும் சிலிக்கா பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வையுங்கள்.

சாமான்களுக்குக் கொழும்பு போகிறீர்கள் என்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பிளக், ரெசிஸ்டர், வயர் எல்லாம் ஒரே நடையில் எடுத்துவிடலாம். போவதற்கு முன் கொமடோரின் பின்பக்கம் உள்ள வட்ட வீடியோத் துளையில் எத்தனை ஓட்டை என்று எண்ணுங்கள். எட்டு என்றால் எஸ்-வீடியோ வயர் செய்யலாம். ஐந்து என்றால் அது மிகப் பழைய வகை, நிறம் தனியாக வராது, பெட்டி ரீவியோடு மஞ்சள் வயரிலேயே நின்றுவிடுங்கள். எட்டுக் காலிலும் 262 பாகை, 270 பாகை என்று இரண்டு வகைப் பிளக் விற்கிறார்கள். கொமடோருக்கு 262 பாகை வகையைக் கேட்டு வாங்குங்கள்.