ஸ்டியரிங் ஷாஃப்டில் மரை கெட்டுவிட்டால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது பழைய கார். ஸ்டியரிங் வீல் கழன்று வரவில்லை என்று மெக்கானிக் நட்டைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட் நுனியில் சுத்தியலால் அடித்துவிட்டார். இப்போது நட்டு ஒன்றரைச் சுற்றுக்கு மேல் ஏறவில்லை. டை (மரை வெட்டும் கருவி) போட்டு மரையைச் சரிசெய்தால் போதுமா, ஷாஃப்டையே மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் அந்த நட்டை ஸ்பேனர் போட்டு முறுக்குவதை நிறுத்துங்கள், சிக்கிய நட்டை பலமாகத் திருப்பினால் மிச்சமிருக்கும் நல்ல மரையும் சேர்ந்து உரிந்துவிடும். அப்புறம் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, நல்ல வெளிச்சத்தில் அடி எந்த இடத்தில் பட்டிருக்கிறது என்று பாருங்கள். எத்தனை மரை கெட்டது என்பதைவிட எந்த மரை கெட்டது என்பதுதான் இங்கே முக்கியம். நட்டை இறுக்கியதும் பளு எல்லா மரையிலும் சமமாக விழாது, வீலின்மேல் உட்காரும் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் மரை மட்டுமே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தாங்கும், அடுத்த இரண்டு மூன்று மரைகள் மீதியில் பெரும்பகுதியைத் தாங்கும். நுனிப் பக்கம் இருப்பவை வாங்குவது கொஞ்சம்தான். அதனால் சுத்தியல் அடியில் நுனி நசுங்கி நுனிப் பக்கத்து இரண்டு மரை மட்டும் மடங்கியிருந்தால் தைரியமாகச் சரிசெய்யலாம். நட்டு உட்காரும் இடத்திலேயே மரை உரிந்திருந்தால் ஷாஃப்டை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

சரி, டை போடலாமா? நசுங்கிய நுனியில் நேரடியாக டை வைத்தால் அது கோணலாகப் பிடித்து, பழைய மரைக்குக் குறுக்கே புது மரை வெட்டிவிடும். முதலில் அரத்தால் நுனியின் விளிம்பைச் சுற்றிலும் சரிவாகத் தேய்த்து, பிதுங்கிய உலோகத்தை எடுங்கள். மடங்கிய மரையை முக்கோண அரத்தால் பள்ளத்தின் போக்கிலேயே திறந்துவிடுங்கள். அதன்பிறகு நல்ல மரையிலிருந்து தொடங்கி வெளியே வருவதுதான் நல்ல முறை: அதே அளவு நட்டு ஒன்றை இரண்டாக அறுத்து, பிசிறை எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் நல்ல மரையின்மேல் இரண்டு பாதியையும் பொருத்தி, லாக்கிங் பிளையரால் பிடித்து, எண்ணெய் விட்டுக்கொண்டே நுனி நோக்கித் திருப்பி எடுங்கள். நல்ல மரையே வழிகாட்டுவதால் கோணல் வராது. உலோகத்தூள் ஸ்டியரிங் காலத்துக்குள் (ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் குழாய்க்குள்) இறங்கி பேரிங்கிலும் சுவிட்சிலும் சேராதபடி சுற்றிலும் துணி அடைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி) தெரியாமல் நட்டோ டையோ வாங்காதீர்கள். 12 மி.மீ. ஷாஃப்டில் 1.25 பிட்சும் வரும், 1.5 பிட்சும் வரும், கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிட்ச் அளக்கும் கேஜ் வைத்துப் பாருங்கள்.

வேலை முடிந்ததா என்பதற்குச் சோதனை இதுதான்: புது நட்டு விரலால் திருப்பும்போதே கடைசிவரை ஏற வேண்டும். பிறகு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) இறுக்குங்கள். அந்த அளவு வருவதற்குள் நட்டு இறுகாமல் சுற்றிக்கொண்டே போனால் மரை விட்டுக்கொடுக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

கேள்வி: மரை முழுவதும் போய்விட்டது. வெல்டிங் வைத்து லேத்தில் புது மரை வெட்டலாம், இல்லாவிட்டால் 14 மி.மீ.யை 12 மி.மீ.யாகக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். வெல்டிங் சூட்டில் ஷாஃப்டின் உறுதி மாறிவிடும், உள்ளே வெடிப்பு விட்டிருந்தாலும் வெளியே தெரியாது. விபத்தில் மடங்குவதற்காகச் செய்யப்பட்ட ஸ்டியரிங் காலம் என்றால் உள்ளே பிளாஸ்டிக் பின்கள் இருக்கலாம், அவையும் உருகிவிடும். 14-ஐ 12 ஆக்கினால் குறுக்குப் பரப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதிலாக வைக்கும் கம்பிச் சுருள்) போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள், அது துளைக்குள் இருக்கும் மரைக்கானது, ஷாஃப்டுக்கு ஆகாது. வீலைத் திருப்பும் விசையை ஷாஃப்டில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் பற்களான ஸ்பிளைன்தானே தாங்குகிறது, நட்டு சும்மா பிடித்துக்கொண்டால் போதாதா என்ற வாதமும் காதில் விழுகிறது. நட்டு தளர்ந்தால் வீல் ஆடும், ஆடினால் ஸ்பிளைன் தேயும், கடைசியில் வீல் கையோடு வந்துவிடும். அதே மாடலின் ஷாஃப்டை வாங்கி மாற்றுங்கள். பழைய பாகம் என்றால் மரையையும் ஸ்பிளைனையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: மரை கெடாமல் வீலைக் கழற்றுவது எப்படி?

பதில்: ஏர்பேக் இருந்தால் பேட்டரியைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம்வரை காத்திருந்து, ஏர்பேக்கை எடுத்த பிறகே வீலில் கை வையுங்கள். வீலும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். நட்டை முழுதாக எடுக்காமல், சில மரை பிடித்திருக்கும்படி தளர்த்தி விடுங்கள். அப்படி விட்டால் மரைக்கும் பாதுகாப்பு, வீல் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்கவும் அடிக்காது. அப்புறம் புல்லர் (வீலை இழுத்துக் கழற்றும் கருவி) போடுங்கள். சுத்தியல் வேண்டவே வேண்டாம், அந்த அடி மரையோடு நிற்காமல் ஸ்டியரிங் காலத்துக்குள் இருக்கும் பின்கள்வரை போகும்.