மார்க்கெட் போனவர்கள்

அன்புள்ள சார்,

வணக்கம். பழைய கட்டுரை ஒன்றில் போகிற போக்கில் 'கொலம்போ' என்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். கூடவே 'மர்டர், ஷி ரோட்' தொடரும். இரண்டிலும் ஆளுக்கு இருபது எபிசோடு முடித்துவிட்டேன். சில கேள்விகள். இரண்டில் எது சிறந்த துப்பறியும் தொடர்? கொலம்போவில் கொலையாளி யாரென்று முதலிலேயே காட்டிவிடுகிறார்களே, அப்புறம் எதற்குப் பார்க்க வேண்டும்? பேச்சு நீளமாக இருப்பதால் நான் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். கடைசியாக, வாரம் ஒரு பழைய சினிமா நடிகரைக் கூட்டிவந்து நடிக்க வைக்கிறார்கள். இது மார்க்கெட் போனவர்களுக்குப் பிழைப்புக் கொடுக்கிற ஏற்பாடா? உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
எம்., கோவை

அன்புள்ள தம்பி,

எது சிறந்தது என்ற கேள்வியை விட்டுவிடுவோம். இரண்டையும் உருவாக்கியவர்களில் ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற அதே இரண்டு நண்பர்கள் இருக்கிறார்கள். ஒரே அடுப்பில் வெந்த இரண்டு பதார்த்தம். உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதைச் சாப்பிடுங்கள்.

கொலையாளியை முதலிலேயே காட்டுவது பற்றிக் கேட்டீர்கள். அதில்தான் எல்லாம் இருக்கிறது. போலீஸ் துப்பறிவாளர் கொலம்போவாக நடிக்கும் பீட்டர் ஃபால்க் அந்தக் கசங்கிய மழைக்கோட்டோடு உள்ளே வருவதற்குப் பல வாரங்களில் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அதுவரை படத்தைத் தூக்கிச் சுமக்கிறவர் அந்த வாரம் மட்டும் வந்த நடிகர். கதாநாயகன் வருவதற்குள் அவரோடு நமக்கு ஒட்டுதல் வந்துவிட வேண்டும். கொலை செய்கிறவனாக இருந்தாலும், 'ஐயோ, மாட்டிக்கொள்வானே' என்று ஒரு நொடியாவது தோன்ற வேண்டும். 1971இல் தொடராக வந்தபோது முதல் வாரத்தை இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், அப்போது அவருக்கு 24 வயது. அந்த வாரத்தின் கொலையாளி ஜாக் காசிடி. எப்படிச் சிரித்துக்கொண்டே பொய் சொல்கிறார் பாருங்கள். அவரைப் பிடித்துப்போய் மூன்று முறை கூப்பிட்டார்கள், மூன்று முறையும் கொலையாளியாகவே. பேட்ரிக் மக்கூஹன் நான்கு முறை கொலையாளியாக வந்தார், அதில் இரண்டுக்கு எம்மி விருது வாங்கினார்.

'மர்டர், ஷி ரோட்' வேறு மாதிரி. அங்கே யார் செய்தது என்று கடைசி வரை தெரியக்கூடாது. அதனால் வாரத்துக்கு ஐந்தாறு பேர் சந்தேகத்தில் நிற்பார்கள். ஆளுக்கு நாலைந்து காட்சிதான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு முழு மனிதரைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். கொலம்போவில் விருந்தாளிக்குத் தலைவாழை இலை, இங்கே பந்தியில் ஓர் ஓரத்தில் இடம். இரண்டாவது இன்னும் கஷ்டம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது அந்த ஒன்றரை மடங்கு வேகத்துக்கு வருகிறேன். தம்பி, இது எனக்குக் கோபம் வரும் விஷயம். 1973இல் வந்த 'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்' பார்த்திருப்பீர்கள். டொனால்ட் பிளசென்ஸ் ஒயின் தோட்டக்காரராக வருவார். 1967இல் ஜேம்ஸ் பாண்டுக்கு வில்லனாக வந்த அதே வழுக்கைத் தலை. தோட்டத்தை விற்கப் பார்க்கும் தம்பியை அடித்துக் கட்டிப்போட்டு, மூச்சுமுட்டிச் சாகட்டும் என்று ஒயின் நிலவறையில் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு வெளியூர் போய்விடுகிறார். அவர் இல்லாத நாட்களில் கடும் வெயில் அடிக்கிறது. உள்ளே இருந்த ஒயின் மொத்தமும் கெட்டுப்போகிறது. அது அவருக்குத் தெரியாது. பின்னால் ஒரு பெரிய உணவகத்தில் கொலம்போ அவருக்கு விருந்து வைக்கிறார். ஒயின் வருகிறது. வாயில் வைத்த மாத்திரத்தில் பிளசென்ஸின் முகம் மாறுகிறது. வெப்பத்தில் கெட்டுப்போன ஒயினைக் கொண்டுவந்து வைத்தீர்களே என்று பரிமாறுகிறவர்களிடம் கத்துகிறார். அந்த பாட்டில் அவருடைய நிலவறையிலிருந்தே எடுத்து வந்தது. அவருடைய நாக்கே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

அந்த ஒரு வாய் ஒயினுக்கும் கத்தலுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேலாக அந்த மனிதர் ஒயினை எப்படித் தொடுகிறார், எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துப் பார்த்து நாம் சேர்த்து வைத்ததெல்லாம் அந்த இடைவெளியில் வந்து விழும். அதை நீங்கள் ஒன்றரை மடங்கில் ஓட்டிவிட்டு, பேச்சு நீளம் என்று எனக்கு எழுதுகிறீர்கள். உங்களிடம் நேரம் இல்லை என்றால் பார்க்காதீர்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு நடிகர் மூச்சு விடுகிற நேரத்தைத் திருடிவிட்டு அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

சரி. நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே உங்கள் கடைசிக் கேள்வியில் இருந்த ஒரு சொல்லுக்காக. மார்க்கெட் போனவர்கள்.

என் பெரியப்பா சபா நாடகங்களில் நடித்தவர். பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவார், சாயங்காலம் மேக்கப். எண்பதுகளின் நடுவில் நாடகத்துக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது. அப்போது தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஒருநாள் வேடத்துக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் வேடம். அறுவை சிகிச்சை அறையிலிருந்து வெளியே வந்து, "இருபத்துநாலு மணி நேரம் போனாத்தான் எதையும் சொல்ல முடியும்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எனக்கு அப்போது பதினான்கு வயது. அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன்.

அந்த ஒரு வசனத்துக்காக மூன்று நாள் வீட்டில் யோசித்தார். சும்மா வந்து சொன்னால் டாக்டர் இல்லை, தபால்காரர் மாதிரி இருக்கும் என்றார். கடைசியில் ஒன்று கண்டுபிடித்தார். டாக்டர் உள்ளே கையைக் கழுவிவிட்டுத்தான் வந்திருப்பார், ஈரம் முழுசாகப் போயிருக்காது. அதனால் பேசுவதற்கு முன்னால் கைக்குட்டையில் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும், துடைக்கும்போது எதிரில் நிற்கிறவர்களைப் பார்க்கக் கூடாது. கடைசி விரல் முடிந்ததும் நிமிர்ந்து வசனம். எங்கள் வீட்டுக் கூடத்தில் என்னை நோயாளியின் மகனாக நிற்க வைத்து இருபது முறையாவது ஒத்திகை பார்த்திருப்பார். எனக்கு நிஜமாகவே வயிற்றைப் பிசைந்தது.

காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். மத்தியானம் மூன்று மணி வரை ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். சாப்பாடு முடிந்துபோய்விட்டது என்று வாழைப்பழம் கொடுத்தார்கள். அப்போது தயாரிப்பு ஆள் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. "மார்க்கெட் போன டிராமாக்காரர்தானே, குடுக்கறத வாங்கிக்குவாரு." பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்து, மடிப்புக் கலையாமல் நாலாக மடித்து மறுபடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாலரை மணிக்குக் கூப்பிட்டார்கள். ஒரே டேக்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "கை துடைச்சது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது பெரியப்பா."

அதற்கப்புறம் அந்தச் சொல்லை யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. சந்தையில் விலை போகாதது கத்தரிக்காய். முப்பது வருடம் ஒரு வேலையைச் செய்த கையும் கண்ணும் எங்கே போய்விடும்? கூப்பிடுவது நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். கற்றது உள்ளேயே இருக்கிறது. அதைக் கூப்பிட்டு வெளியே எடுத்தவர்கள் இந்த இரண்டு தொடர்களையும் செய்தவர்கள். நீங்கள் அதைப் பிழைப்புக் கொடுக்கிற ஏற்பாடு என்கிறீர்கள்.

பிழைப்பும்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. 'மர்டர், ஷி ரோட்' தொடரின் நாயகி ஏஞ்சலா லான்ஸ்பரி அதை மறைக்கவில்லை. பழைய நடிகர்களைத் தேடித் தேடித் தன் தொடருக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் நடிகர் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு தொடர வேண்டுமென்றால் நடிப்பில் குறிப்பிட்ட வருமானம் வந்தாக வேண்டும். மேட்லின் ரூ என்ற நடிகைக்கு நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய், சக்கர நாற்காலியில் இருந்தார். காப்பீடு கைவிட்டுப் போகும் நிலை. அதைக் கேள்விப்பட்ட லான்ஸ்பரி தொடரில் அவருக்கென்றே ஒரு நூலகர் வேடத்தை உண்டாக்கினார். சக்கர நாற்காலியோடே வந்து நடித்தார். இதில் யாருக்கு என்ன குறை வந்துவிட்டது?

அதே தொடரில் 1987இல் வந்த 'தி டேஸ் டுவிண்டில் டவுன்' எபிசோடைக் கட்டாயம் பாருங்கள். 1949இல் 'ஸ்ட்ரேஞ்ச் பார்கெய்ன்' என்று ஒரு படம் வந்தது. அதன் கதையையே எடுத்துக்கொண்டு, அதில் நடித்த ஜெஃப்ரி லின், மார்த்தா ஸ்காட், ஹாரி மார்கன் மூவரையும் அதே பாத்திரங்களாகத் திரும்ப வரவழைத்தார்கள். படத்தில் தப்பித்துவிட்ட கணக்கர், இங்கே பல வருடம் சிறையில் கிடந்து வந்தவர். நினைவுக் காட்சிகளுக்குப் பழைய படத்தையே ஓட்டினார்கள். 38 வருடத்துக்கு முந்தைய முகமும் இன்றைய முகமும் அடுத்தடுத்து வரும். எந்த மேக்கப்காரரால் அப்படி வயதாக்க முடியும்?

கொலம்போவிலும் அப்படி ஒன்று உண்டு. 1975இல் வந்த 'ஃபர்காட்டன் லேடி'. ஜேனட் லீ ஒரு பழைய கதாநாயகியாக வருகிறார். மறுபடி மேடையேற வேண்டும் என்ற வெறி. பணம் தர மறுக்கும் வயதான கணவரைக் கொன்றுவிடுகிறார். இரவில் வீட்டிலேயே தன் பழைய படத்தைப் போட்டுப் பார்ப்பார். அந்தப் படம் நிஜமாகவே ஜேனட் லீ 1953இல் நடித்த படம். திரையில் ஆடுகிற பெண்ணுக்கு 25, 26 வயது. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு 48. அவர் தன்னையே பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அதற்கு நான் எந்தப் பெயரும் வைக்க மாட்டேன்.

கதையில் அந்தக் கதாநாயகிக்கு மூளையில் நோய். மரணம் நெருங்கிவிட்டது, கொலை செய்ததே நினைவில் இல்லை. கூட ஆடிய பழைய ஜோடியாக ஜான் பெய்ன் வருகிறார். அவரும் 1940களில் கதாநாயகனாக இருந்தவர்தான். கொலம்போ உண்மையைச் சொன்னதும், கொலையை நான்தான் செய்தேன் என்று ஜான் பெய்ன் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். அந்தக் கதை நிற்காது, சீக்கிரம் உடைத்துவிடுவோம் என்கிறார் கொலம்போ. உடைக்க இரண்டு மாதமாவது ஆகலாம் என்கிறார் ஜான் பெய்ன். ஆமாம், ஆகலாம் என்று கொலம்போவும் சொல்லிவிடுகிறார். அந்த அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் காட்சியை உங்கள் இருபதில் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. பார்த்திருந்தாலும் நீங்கள் பார்த்தது வேறு. இந்த வாரம் ஒரு ராத்திரி, போனைத் தூரமாக வைத்துவிட்டு, வேகத்தை ஒன்றுக்குக் கொண்டுவந்து அந்த எபிசோடை மட்டும் முழுசாகப் பாருங்கள். எந்த சீசனிலிருந்து தொடங்கினீர்கள், எத்தனை முடித்தீர்கள் என்ற கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். ஜான் பெய்ன் அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.