தூத்துக்குடி முதல் உவரி வரை: காரை எங்கே திருப்புவது, எங்கே சாப்பிடுவது

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் ஐந்து பேர். நான், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், எழுபது வயது அம்மா. அம்மா சுத்த சைவம், மற்றவர்களுக்கு மீன் என்றால் உயிர். திருநெல்வேலியில் இறங்கி வாடகைக் கார் எடுத்து, தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகவே போக ஆசை. மூன்று நாள் இருக்கிறது. மேப்பில் பார்த்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் போலத் தெரிகிறது. எங்கெங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது, எந்த மாதம் வருவது?"

மேப் சொல்வது பொய்யில்லை. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சுமார் 40 கிலோமீட்டர், அங்கிருந்து கன்னியாகுமரி சுமார் 90. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குக் குமரியில் இருக்கலாம். ஆனால் வழியில் கடலை ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயரை நம்பி ஜன்னலோரச் சீட்டுக்குப் பிள்ளைகள் சண்டை போட வேண்டாம். இந்தப் பக்கம் சாலை கடலை ஒட்டிப் போவதில்லை. பனை, உடைமரம், வாழைத்தோட்டம், செம்மண் என்று உள்ளே தள்ளியே போகும். கடல் ஒவ்வொரு ஊருக்குள்ளும் திரும்பிப் போனால்தான் வரும். அதனால் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடாமல், எந்தத் திருப்பத்தில் எந்த நேரத்துக்குப் போய் நிற்பது என்றுதான் திட்டம் போட வேண்டும்.

எனவே முதல் வேலையாகக் கன்னியாகுமரியை வெட்டிவிடுங்கள். அது தனிப் பயணத்துக்கான ஊர். அம்மாவையும் வைத்துக்கொண்டு கடைசி நாளில் அவசர அவசரமாகப் போய்ப் படகுக்கு வரிசையில் நிற்பதற்குப் பதில், உவரியோடு நிறுத்தி, திசையன்விளை வழியாக நெல்லைக்குத் திரும்புவது நல்லது.

அடுத்தது கிழமை. வெள்ளி, சனி, ஞாயிறு என்றுதான் எல்லோரும் வருவார்கள். நீங்கள் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று வையுங்கள். இந்தக் கரையில் பெரும்பாலானவை கத்தோலிக்கக் கடற்கரை ஊர்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். அன்றைக்குத் தட்டில் விழுவது முந்தின நாள் ஐஸ் மீனாகத்தான் இருக்கும். ஞாயிறைத் தூத்துக்குடிப் பரோட்டாவுக்கு ஒதுக்கிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் உண்டு. விசைப்படகுகள் போகாது, வள்ளங்கள் போகும். ஆகவே மீன் கிடைக்கும், விலைதான் ஏறியிருக்கும்.

ஞாயிறு மதியத்துக்கு மேல் நெல்லையிலிருந்து கிளம்பினால் தூத்துக்குடிக்கு 50 கிலோமீட்டர்தான். வெயில் சாயும் நேரத்தில் உப்பளங்களைப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் வந்தால் உப்பை வாரிக் குவித்திருப்பார்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு பாத்திகளில் வெறும் தண்ணீர்தான் நிற்கும், ஆனால் பறவைகள் வரும். பாத்தி வரப்பில் பிள்ளைகளை ஓட விடாதீர்கள், அது மற்றவர்கள் வேலை செய்யும் இடம். இருட்டியதும் பரோட்டா. இந்த ஊரில் 'நைட் கிளப்' என்று போர்டு பார்த்தால் பயப்படாமல் குடும்பத்தோடு உள்ளே போகலாம். அது சாயங்காலம் திறக்கும் பரோட்டாக் கடை. பொரிச்ச பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, ஊறவிடாமல் சாப்பிட வேண்டும். அம்மாவுக்கு முன்னாடியே ஒரு சைவ ஓட்டலில் இட்லி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மக்ரூன் வாங்கும்போதும் கவனம். முந்திரியும் சர்க்கரையும்தானே என்று நினைப்பார்கள், முட்டையின் வெள்ளைக்கரு இல்லாமல் மக்ரூன் கிடையாது.

திங்கள் காலை சீக்கிரம் கிளம்புங்கள். தாமிரபரணிப் பாலம் தாண்டியதும் ஆத்தூர். கொடிக்கால் ஊர். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அம்மா வெற்றிலை போடுபவர் என்றால் ஒரு கவுளி, அதாவது ஒரு கட்டு, வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் காயல்பட்டினம். மார்க்கோ போலோ எழுதி வைத்துப்போன 'காயல்' துறைமுகம் இந்தப் பக்கம்தான். பழைய பள்ளிவாசல்களும் அமைதியான தெருக்களும் உள்ள ஊர், மெதுவாக ஓட்டிப் போங்கள். காயல் சமையலின் பெருமை கல்யாண வீட்டுக் களறிச் சாப்பாடு. அது அழைப்பு இருந்தால்தான் கிடைக்கும், ஓட்டலில் தேடிப் பயனில்லை. தம்மடை என்ற இனிப்பு கிடைத்தால் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள், அதிலும் முட்டை உண்டு.

திருச்செந்தூரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுவாமி தரிசனத்தோடு நாழிக்கிணற்றையும் பார்த்துவிடுங்கள், கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர். 2025 ஜூலை 7 குடமுழுக்குக்குப் பிறகு சாதாரண நாளிலும் கூட்டம்தான். செவ்வாய், விசாகம், சஷ்டி, பூசம், பௌர்ணமி எல்லாம் தவிர்க்க வேண்டியவை. திங்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கோயில் பக்கத்துக் கடலில் பாறை இருக்கிறது, அலை அடித்துத் தள்ளிக் கால் உடைந்தவர்கள் உண்டு. கால் நனைத்தால் போதும். அம்மாவுக்கு வயிறார மதியச் சாப்பாடு இங்கேதான். இதற்குத் தெற்கே கடற்கரை ஊர்களில் சைவ ஓட்டலைத் தேடி அலைய வேண்டாம். சொல்லப்போனால் மீன் சாப்பாட்டுக் கடையே அங்கே குறைவு. மீன் பிடிக்கிற ஊரில் எல்லோரும் வீட்டில் சாப்பிடுகிறார்கள், கடை எதற்கு? நல்ல மீன் குழம்புக்குத் திருச்செந்தூர், உடன்குடி, திசையன்விளை என்று கொஞ்சம் உள்ளே இருக்கும் பஜார் ஊர்களுக்குத்தான் வர வேண்டும். போர்டில் இருப்பதைக் கேட்காமல், "இன்னைக்கு என்ன மீன் வந்துச்சு?" என்று கேளுங்கள். சாளையோ விளமீனோ பாறையோ, அன்று வந்ததைச் சாப்பிடுவதுதான் லாபம். சாளையை மலிவு மீன் என்று ஒதுக்காதீர்கள், புளியும் தேங்காயும் அரைத்து வைத்த சாளைக் குழம்புக்கு ஈடு கிடையாது.

மூன்றரை மணிக்கு மேல் தேரி. இந்தப் பயணத்தில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். கடற்கரைக்குச் சில கிலோமீட்டர் உள்ளே, குதிரைமொழி, காயாமொழிப் பக்கம், குங்குமம் கொட்டியதுபோல் செம்மணல் மேடுகள். மணலின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சு ஏறியதால் வந்த சிவப்பு. காற்று கொண்டுவந்து குவித்த மணல் இது. ஆடிக் காற்றில் இன்றைக்கும் அது இடம் மாறுவதைப் பார்க்கலாம், கண்ணிலும் விழும். தேரியின் நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. வறண்ட செம்மணலுக்குள் ஒரு சுனையும் அடர்ந்த மரங்களும் என்றால் நம்பக் கடினமாகத்தான் இருக்கும். அம்மா நிழலில் உட்காரட்டும், பிள்ளைகள் மணலில் உருளட்டும். நடுப்பகலில் வந்தால் வெறுங்கால் வெந்துவிடும். தார்ச்சாலையை விட்டுக் காரை மணலில் இறக்கவே இறக்காதீர்கள். சக்கரம் புதைந்தால் டிராக்டர் தேடி ஓட வேண்டியதுதான். இரவு திருச்செந்தூரிலேயே தங்குங்கள்.

செவ்வாய் விடிந்ததும் நேரே மணப்பாடு. குலசேகரன்பட்டினம் வழியிலேயே வரும். முத்தாரம்மன் கோயிலைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். ஆனால் புரட்டாசியில் தசரா பத்து நாளும் காரோடு இந்தப் பக்கமே வராதீர்கள். தசராவைப் பார்க்கவே வருவது வேறு விஷயம், அதற்கு வேறு திட்டம் வேண்டும். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் அமைவதும் இந்த ஊரில்தான்.

மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்பாறைக் குன்றின் மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில் நிற்கிறது. 1542-இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை அதன் கீழே. குன்றின் மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் திறந்த கடல், இன்னொரு பக்கம் மணல்திட்டு அடைத்த உப்பங்கழி, நடுவே ஊர். காலை வெயிலில் இதைப் பார்க்கத்தான் விடிந்ததும் கிளம்பச் சொன்னேன். அந்த நேரத்தில் வள்ளங்களும் கரை ஏறும், ஏலம் நடக்கும். ஓரமாக நின்று பாருங்கள், ஆட்களைப் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். சமைக்க இடம் இல்லாமல் ஆசைப்பட்டு ஏலத்தில் மீன் வாங்காதீர்கள். செப்டம்பர் 14-இல் முடியும் திருவிழாவுக்கு முன்னும் பின்னும் தங்க இடம் கிடைக்காது.

வழியில் பனங்காட்டோரம் பதநீர் விற்றால் நிறுத்துங்கள். பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கு வெட்டிப் போட்டுத் தருவார்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கியதுதான் பதநீர், காலை ஒன்பது, பத்து மணிக்குள் குடிக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு விற்பதை வாங்காதீர்கள். சீசன் மாசிக் கடைசியில் தொடங்கி ஆடி வரை. மார்கழி, தையில் வந்தால் பதநீர் இல்லை, பனங்கிழங்கு உண்டு. உடன்குடியில் கருப்பட்டி வாங்கும்போது விலை குறைவாகச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். நல்ல கருப்பட்டி சர்க்கரையைவிடப் பல மடங்கு விலை, அதனால்தான் சர்க்கரையைக் கலக்கிறார்கள். உடைத்தால் பளபளவென்று மணி மணியாக மின்னினால் சந்தேகப்படுங்கள். பிள்ளைகளுக்குச் சுக்கும் ஏலமும் போட்ட சில்லுக் கருப்பட்டி.

உவரிக்கு முற்பகலில் போய்விடலாம். கடலோரத்தில் சுயம்புலிங்க சுவாமி கோயில், அந்தோணியார் கோயில், கப்பல் வடிவில் கட்டிய கப்பல் மாதா கோயில் எல்லாம் ஒரே ஊரில். யாத்திரை ஊர் என்பதால் கழிப்பறை, நிழல் பற்றிக் கவலை இல்லை. குளிக்க மட்டும் இறங்க வேண்டாம். காற்றே இல்லாத நாளில் திடீரென்று எழும் 'கள்ளக்கடல்' இந்தத் தென்கோடிக் கரையில் உண்டு. 2024 மே மாதம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரைக் கொண்டுபோனது அதுதான். எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று காலையிலேயே செய்தியைப் பார்த்துவிடுங்கள்.

திசையன்விளையில் மதியச் சாப்பாடு, பெட்ரோல். அங்கிருந்து இட்டமொழி, மூலைக்கரைப்பட்டி வழியாக நெல்லை. தை முதல் சித்திரைக்குள் வந்தால் மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்தில் கூந்தன்குளம் போங்கள். பறவைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் கூடு கட்டியிருக்கும். ஊர்க்காரர்களே அவற்றைக் காப்பாற்றுகிறார்கள், ஹாரன் அடிக்காதீர்கள்.

மாதம் கேட்டீர்கள். மாசி, பங்குனிதான் என் கணக்கு. வெயில் இன்னும் முறுகியிருக்காது, பதநீர் இறங்க ஆரம்பித்திருக்கும், உப்பும் குவிந்திருக்கும். திருச்செந்தூர் மாசித் திருவிழா நாட்களை மட்டும் விலக்குங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, இந்தச் சாலைகளெல்லாம் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன.

இரவு ரயிலுக்கு முன் அல்வா வாங்க நேரம் இருக்கும். நெல்லையப்பர் கோயில் எதிரே இருக்கும் இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், வரிசை நீளம். நிற்கப் பொறுமை இல்லையென்றால் டவுனில் வேறு நல்ல கடைகளும் இருக்கின்றன. வழியில் கருவாடு வாங்கியிருந்தால் அதை மூன்று சுற்றுச் சுற்றித் தனிப் பையில் போடுங்கள். அல்வா வைத்திருக்கும் பையில் மட்டும் வேண்டாம்.