கவலையே இல்லாதபோது நெஞ்சு ஏன் படபடக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 31. கணக்குப் பிரிவில் வேலை. மார்ச் மாதம் காலை பஸ்ஸில் போகும்போது திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போயின. உயிர் போய்விடும் என்றே நினைத்தேன். ஈசிஜி, எக்கோ இரண்டும் சரியாக இருந்தன. பிறகும் மூன்று முறை வந்துவிட்டது. எந்தக் கவலையும் இல்லாதபோது ஏன் வருகிறது? இப்போது பஸ் ஏறவே பயம். அந்த நாட்களில் வருடக் கணக்கு முடிக்க இரவு 1 மணி வரை விழித்திருந்தேன், காலையில் வெறும் காபிதான்.

பதில்: விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது, சகோதரி. உங்களுக்கு வந்தது 'பேனிக் அட்டாக்' எனப்படும் பதற்றத் தாக்குதலாகத் தெரிகிறது. அது அந்த நிமிடத்துக் கவலையால்தான் வர வேண்டும் என்பதில்லை. தூக்கக் குறைவு, வெறும் வயிறு, அதன்மேல் காபி, நெரிசலில் புழுக்கம் எல்லாம் சேர்ந்து இதயத்துடிப்பை ஏற்றுகின்றன. மூளை அதை ஆபத்து என்று தவறாகப் புரிந்துகொண்டு அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. வேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்தது அதனால்தான். நீங்கள் பட்ட அவதி உண்மையானது. 'எல்லாம் மனப்பிரமை' என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

தைராய்டு மிகையாகச் சுரப்பது, ரத்தசோகை, சில ஆஸ்துமா மருந்துகள், மதுவை நிறுத்திய மறுநாள் ஆகியவையும் இதே படபடப்பைத் தரும். தைராய்டுக்கும் ஹீமோகுளோபினுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சுவலி வந்தாலோ மயங்கி விழுந்தாலோ, பதற்றம்தான் என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது பஸ் பயம்தான். முதல் தாக்குதலுக்குக் காபியும் கண்விழிப்பும் காரணமாக இருந்திருக்கலாம். அடுத்தடுத்தவற்றுக்கு, 'மறுபடி வந்துவிடுமோ' என்ற பயமே போதும். பஸ்ஸைத் தவிர்க்கத் தவிர்க்க அந்தப் பயம் வேரூன்றும். பிறகு கடைவீதி, கல்யாண மண்டபம் என்று ஒவ்வொன்றாக விலக்கத் தோன்றும். அதற்குமுன் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். பேச்சுவழிச் சிகிச்சையில் இது நன்றாகவே குணமாகும். தேவைப்பட்டால் மாத்திரை தருவார்கள். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், பாதியில் நிறுத்தாதீர்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

இந்த வாரம் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு, கூட்டம் குறைந்த நேரத்தில், துணைக்கு ஒருவருடன் இரண்டு நிறுத்தம் மட்டும் போய்வாருங்கள். படபடப்பு தொடங்கினால் உள்ளே இழுப்பதைவிட நீளமாக மூச்சை வெளியே விடுங்கள். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிடும். அது இறங்கும்வரை நீங்கள் பஸ்ஸைவிட்டு இறங்காதீர்கள்.